திரையில் இடம்பெறாதவர்கள்: குவாய் நதிப் பாலமும் சயாம் மரண ரயிலும்



'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்னும் ஒரு வரி திரையில் தோன்றியவுடன் நம் மனநிலை மாறிவிடுகிறது. கதை பார்க்க அமர்ந்திருந்த நாம் அதன்பின் வரலாறு பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். சில படங்களுக்கு அந்த வரியும் தேவைப்படுவதில்லை. உண்மையான ஆற்றின் பெயர், உண்மையான போர், உண்மையான சீருடை ஆகியவையே போதும். பார்ப்பவர் தாமாகவே நம்பிவிடுகிறார். படம் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் பாடநூலில் படித்த செய்தி மறந்துபோகும். திரையில் கண்ட காட்சி மறக்காது. வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியர் என்ற முறையில் இதனை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பறையில் காண்கிறேன்.

திரைப்படத்திற்குச் சில உரிமைகள் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாண்டுப் போராட்டத்தை இரண்டரை மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால் காலத்தைச் சுருக்கத்தான் வேண்டும். ஐந்து பேர் செய்த செயலை ஒரே பாத்திரத்தின் மீது ஏற்றத்தான் வேண்டும். பேசியவர்கள் என்ன பேசினார்கள் என்று பதிவில்லாத இடத்தில் உரையாடலைக் கற்பனை செய்யத்தான் வேண்டும். இவற்றைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் யார் செய்தார்கள், யார் துன்புற்றார்கள், யார் மீது பழி என்னும் மூன்றையும் மாற்றும்போது அது கலைஞனின் உரிமை என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 1979 நவம்பர் 4-ஆம் நாள் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது ஆறு அமெரிக்கர்கள் தப்பி வெளியேறினர். கனடாவின் தூதர் கென் டெய்லரும் அவருடைய சக அதிகாரி ஜான் ஷியர்டவுனும் தம் இல்லங்களில் அவர்களை மறைத்து வைத்துக் காத்தனர். 1980 சனவரி இறுதியில் அவர்கள் கனடியக் கடப்பிதழ்களுடன் நாட்டைவிட்டு வெளியேறினர். 2012-இல் வெளிவந்து ஆஸ்கார் பரிசு பெற்ற 'ஆர்கோ' இதனைப் பெரும்பாலும் அமெரிக்க உளவுத்துறையின் சாதனையாகக் காட்டியது. பிரிட்டிஷாரும் நியூசிலாந்தினரும் அடைக்கலம் தர மறுத்துவிட்டார்கள் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. உண்மையில் தொடக்க நாள்களில் பிரிட்டிஷார் அவர்களுக்கு இடமளித்தனர், நியூசிலாந்தினரும் உதவினர். படத்தின் உச்சக்காட்சியான விமான ஓடுபாதைத் துரத்தல் நிகழவே இல்லை. அன்று அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டரே அத்திட்டத்தின் பெரும்பங்கு கனடியர்களுடையது என்று 2013-இல் வெளிப்படையாகக் கூறினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம் பங்கு குறைக்கப்பட்டபோது கனடியர்கள் வாய்மூடி இருக்கவில்லை. அவர்களுக்குச் செய்தித்தாள்கள் உண்டு, அரசு உண்டு, கேட்டால் பதில் சொல்ல ஒரு முன்னாள் அதிபரும் உண்டு. குரல் உள்ளவர்களைத் திரை மறைத்தால் அவர்கள் மறுத்துப் பேசுவார்கள். குரலற்றவர்களை மறைத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேட மலேசியத் தமிழர்களாகிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. உலகமே கொண்டாடிய ஒரு படத்தில் அந்த விடை இருக்கிறது.

படம் சொன்ன கதை

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் ஆங்கிலப் படம் 1957 அக்டோபரில் இலண்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மலாயா விடுதலை பெற்று ஒரு மாதமே ஆகியிருந்த நேரம் அது. இயக்கியவர் டேவிட் லீன். சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட ஏழு ஆஸ்கார் பரிசுகளை அது பெற்றது.

சயாம் காட்டில் ஜப்பானியரின் கைதிகளாக இருக்கும் பிரிட்டிஷ் படைவீரர்கள் ஓர் ஆற்றின் மீது ரயில் பாலம் கட்டப் பணிக்கப்படுகிறார்கள். முகாம் தலைவன் சைட்டோ கொடியவன். பாலம் கட்டத் தெரியாதவனும்கூட. கர்னல் நிக்கல்சன் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி, முதலில் அவனை எதிர்த்து வெல்கிறார். பின்னர் பிரிட்டிஷ் ஒழுங்கையும் திறனையும் உலகுக்குக் காட்ட வேண்டும் என்னும் வெறியில், பகைவனுக்காகத் தாமே ஓர் அருமையான பாலத்தைக் கட்டித் தருகிறார். இறுதியில் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. போரின் பைத்தியக்காரத்தனத்தைச் சொல்லும் படம் என்று திறனாய்வாளர்கள் போற்றினர். கதையாகப் பார்த்தால் அது சிறந்த படம்தான். அதில் எனக்கும் ஐயமில்லை.

நடந்தது என்ன?

ஆற்றிலிருந்தே தொடங்குவோம். படத்தின் புகழ்பெற்ற பாலம் நிற்பதாகக் கருதப்படும் இடம் காஞ்சனபுரிக்கு அருகிலுள்ள தாமர்கான். அங்கே பாலம் கடந்தது மே குலோங் ஆற்றை. தாய்மொழியில் 'குவே' என்றால் கிளையாறு; 'குவாய்' என்று ஒலித்தால் எருமை. படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாப் பயணிகள் குவாய் நதியைத் தேடியதால், 1960-ஆம் ஆண்டு வாக்கில் அந்தப் பகுதி ஆற்றுக்கே 'குவே யாய்' என்று பெயர் மாற்றினார்கள். ஒரு திரைப்படத்துக்கு ஏற்ப ஓர் ஆறு தன் பெயரை மாற்றிக்கொண்டது!

பாலம் ஒன்றல்ல, இரண்டு. முதலில் ஒரு மரப்பாலம். பின்னர் இரும்பும் காரையும் கொண்டு கட்டிய நிலையான பாலம். இரண்டும் 1943-ஆம் ஆண்டின் முற்பாதியில் முடிந்தன. இரும்புப் பாலத்திற்கான வளைவுச் சட்டகங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. பாலங்களை வடிவமைத்து நிறுவியவர்கள் ஜப்பானிய ரயில்வே பொறியாளர்கள். அவர்கள் தம் தொழிலில் தேர்ந்தவர்கள். கீழைநாட்டானுக்குப் பாலம் கட்டத் தெரியாது, வெள்ளைக்காரன் வந்து கற்றுத்தர வேண்டும் என்னும் செய்தி படத்தின் சொந்தக் கற்பனை. அந்தப் பாலத்தைக் கமாண்டோக்கள் வெடிவைத்துத் தகர்க்கவும் இல்லை. கட்டி முடித்துப் பல மாதங்கள் ரயில்கள் ஓடிய பிறகு நேச நாடுகளின் விமானங்கள் குண்டு வீசிச் சேதப்படுத்தின. போருக்குப் பின் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் அதன்மீது ரயில் ஓடுகிறது. நாம் திரையில் கண்ட பாலமோ இலங்கையில், கித்துல்கலவுக்கு அருகே களனி ஆற்றின் மீது படத்துக்காகவே கட்டப்பட்டது.

அடுத்து மனிதர்கள். தாமர்கான் முகாமில் பிரிட்டிஷ் கைதிகளின் மூத்த அதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி. அவர் பகைவனுக்கு மனமுவந்து பாலம் கட்டியவர் அல்லர். கட்டாயத்தின்பேரில் வேலை நடந்தபோதும், தம் வீரர்களுக்கு உணவும் ஓய்வும் மருந்தும் பெற இடைவிடாமல் வாதாடியவர்; அதற்காக அடியும் வாங்கியவர். அவருடைய முகாமில் இறப்புகள் குறைவாக இருந்ததற்கு அதுவே காரணம். கைதிகள் இரகசியமாகக் கரையான்களைச் சேகரித்து மரப்பாலத்தில் விட்டார்கள். காரைக் கலவையைக் கெடுத்தார்கள். படம் வெளிவந்தபின் டூசியைத்தான் நிக்கல்சன் என்று பலர் எண்ணினர். எதிரிக்குத் துணைபோனவர் என்னும் நிழல் ஒரு நேர்மையான மனிதர் மீது விழுந்தது.

சைட்டோவின் கதை இன்னும் வியப்பானது. தாமர்கான் முகாமில் உண்மையிலேயே சைட்டோ என்று ஒருவர் இருந்தார். முழுப்பெயர் ரிசாபுரோ சைட்டோ. முகாமின் இரண்டாம் நிலைப் பொறுப்பாளர். கண்டிப்பானவர், ஆயினும் ஓரளவு நியாயமாக நடந்துகொண்டவர். போர் முடிந்து குற்றவாளிகளைப் பிரித்தெடுத்தபோது அவருக்காகப் பரிந்து பேசி விடுவித்தவர் டூசியேதான். 1975-இல் டூசி மறைந்தார். 1984-இல் சைட்டோ இங்கிலாந்துக்குச் சென்று அவருடைய கல்லறையில் அஞ்சலி செலுத்தினார். படமோ ஒருவரைக் கொடியவனாக்கியது, மற்றவரை அறிவிழந்தவராக்கியது. இரு பகைவர்களுக்கிடையே மலர்ந்த மதிப்பைவிடப் பெரிய கதையைத் திரைக்கதையாசிரியர்கள் கற்பனை செய்திருக்க முடியுமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

திரைக்கதையாசிரியர்கள் என்றேன். அதிலும் ஒரு பொய் இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் திரைக்கதை எழுதியவர் என்று பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரரின் பெயர் வருகிறது. அவர் மூல நாவலை 1952-இல் பிரெஞ்சு மொழியில் எழுதியவர். ஆங்கிலத் திரைக்கதையை அவர் எழுதவில்லை. எழுதியவர்கள் கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன் என்னும் இருவர். கம்யூனிஸ்டு ஆதரவாளர்கள் என்று ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றிருந்ததால் அவர்களுடைய பெயர்களை வெளியிடவில்லை. அவர்களுக்குரிய ஆஸ்கார் பரிசு 1984-இல்தான் அறிவிக்கப்பட்டது. இருவருமே அதை வாங்க உயிருடன் இல்லை. ஓர் அரசியல் மோதலைப் பற்றிய படத்தின் பெயர்ப்பட்டியலையே இன்னோர் அரசியல் மோதல் திரித்துவிட்டது.

காணாமற்போனவர்கள்

இதுவரை சொன்னவை அனைத்தும் திருத்தக்கூடிய பிழைகள். திரையில் ஒன்று இருக்கிறது, உண்மை வேறொன்றாக இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுவிடலாம். திரையில் ஒன்றுமே இல்லாத இடத்தை எப்படித் திருத்துவது? அங்கே ஒரு வெற்றிடம் இருப்பதே பார்ப்பவருக்குத் தெரியாது.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். மலையும் அடர்காடும் கொள்ளைநோயும் நிறைந்த வழி. பிரிட்டிஷார் முன்பே ஆராய்ந்து கைவிட்ட தடம். பர்மாவிலிருந்த தம் படைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால் ஜப்பானியர் அதை 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இரு முனைகளையும் இணைத்தனர். அந்த வேலையில் ஈடுபடுத்தப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஐவரில் ஒருவர்.

ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். பர்மியர், தமிழர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று பல இனத்தவர். அவர்களில் இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இருவரில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையினர் தோட்டப்புறத் தமிழர்கள். சயாம் மரண ரயில் என்று நம் பெரியவர்கள் அழைத்தது இதைத்தான்.

அவர்கள் எப்படிக் கொண்டுபோகப்பட்டார்கள்? போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோயிற்று. பால்வெட்டு வேலை இல்லை, அரிசி இல்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், உணவு இலவசம் என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மக்கள் அஞ்சத் தொடங்கியபின், தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு விதித்துப் பிடித்தார்கள். சாலையில் நடந்தவர்களையும் சந்தைக்குப் போனவர்களையும் லாரியில் ஏற்றினார்கள். இலவசத் திரைப்படக் காட்சி என்று அறிவித்து, அரங்கு நிறைந்ததும் கதவுகளை அடைத்து, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலேற்றிய நிகழ்வும் ஆய்வாளர்களின் நூல்களில் பதிவாகியிருக்கிறது. படம் பார்க்கப் போய்ப் பிடிபட்டவர்களுக்கு, அந்த ரயில்பாதையைப் பற்றிய படத்தில் இடமில்லாமற்போனது காலத்தின் கொடுமையன்றி வேறென்ன?

அவர்களிடையே இறப்பு ஏன் இவ்வளவு மிகுந்தது? போர்க்கைதிகளும் பட்டினி கிடந்தார்கள், அடிபட்டார்கள். ஆயினும் அவர்களிடம் ஒரு படையின் அமைப்பு இருந்தது. அதிகாரிகள் இருந்தார்கள், படை மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், கழிப்பிடத்தை ஆழமாகத் தோண்ட வேண்டும் என்று ஆணையிட ஆள் இருந்தது. இறந்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளவும் ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. சிலர் மனைவி மக்களுடன் வந்திருந்தார்கள். 1943-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வேலை வேகப்படுத்தப்பட்ட அதே வேளையில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மடிந்தார்கள்.

இப்போது மீண்டும் படத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓடும் படத்தில் ரயில்பாதை போடுபவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். அந்தப் பாதையில் உழைத்தவர்களில் நால்வரில் மூவர் ஆசியர்கள் என்பதைப் படம் பார்த்த ஒருவர் ஊகிக்கவும் வழியில்லை.

ஏன் இப்படி?

நாவலாசிரியருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? பியேர் பூல் 1936-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து ரப்பர் தோட்டத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். தமிழ்த் தொழிலாளர்களை நாள்தோறும் கண்டவர். தோட்ட வாழ்க்கையை வைத்துத் தனியாக ஒரு நாவலே எழுதியவர். ஆனால் அவர் அந்த ரயில்பாதையில் கைதியாக இருந்ததில்லை. இந்தோசீனாவில் ஜெர்மனிக்கு அடங்கிப்போன பிரெஞ்சு ஆட்சியினரிடம் சிறைப்பட்டவர். அங்கே கண்ட பிரெஞ்சு அதிகாரிகளின் மனப்போக்கைத்தான் நிக்கல்சன் பாத்திரத்தில் வடித்ததாகப் பின்னாளில் அவரே கூறினார். அவருக்குத் தேவைப்பட்டது கடமையில் குருடாகும் ஓர் அதிகாரியின் கதை. அதில் தொழிலாளிக்கு வேலையில்லை.

படம் எடுத்தவர்களுக்கோ சந்தை முதன்மை. நாவலில் ஷியர்ஸ் என்பவர் ஆங்கிலேயர். அமெரிக்காவில் படம் ஓட வேண்டும் என்பதற்காக அவரை அமெரிக்கராக மாற்றினார்கள். நாவலில் தகராத பாலம் படத்தில் தகர்ந்தது. பார்ப்பவர் ஏமாறக்கூடாது அல்லவா? பணம் கொடுத்துச் சீட்டு வாங்குபவர் யாரோ அவருடைய முகம் திரையில் தெரிய வேண்டும் என்பது திரையுலகின் எழுதாத விதி. சயாமில் மாண்ட தமிழனுடைய விதவை இலண்டனில் சீட்டு வாங்கப்போவதில்லை.

எதிர்ப்பு வந்த விதத்தையும் பாருங்கள். 1942-இல் சிங்கப்பூரில் சரணடைந்த தளபதி ஆர்தர் பெர்சிவல், போருக்குப் பின் தூரக்கிழக்குப் போர்க்கைதிகள் சங்கத்தின் தலைவராக இருந்தார். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் பகைவனுக்கு உதவியதாகக் காட்டியதை எதிர்த்து, இது வெறும் கற்பனை என்று அறிவிக்க வேண்டும் என அவர் படக்குழுவினரிடம் வற்புறுத்தினார். முன்னாள் கைதிகள் பலர் செய்தித்தாள்களுக்கு எழுதினர். அவர்கள் செய்தது முற்றிலும் நியாயம். நம்மவர்களுக்கு அத்தகைய சங்கம் இல்லை, தளபதி இல்லை, ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் கையும் இல்லை. எனவே 'எங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்று கேட்க ஒருவரும் இல்லாமற்போயிற்று.

மறுபக்கத்தின் மறதியும் நம் மறதியும்

மறைப்பது மேற்கத்தியரின் தனிக்குணம் என்று எண்ணிவிடக் கூடாது. தோக்கியோவில் யாசுகுனி கோவிலை ஒட்டிய போர் அருங்காட்சியகத்தின் வாயிலில் ஒரு நீராவி ரயில் இயந்திரம் பளபளப்பாக நிற்கிறது. அது சயாம் – பர்மா பாதையின் திறப்பு நாளில் ஓடிய இயந்திரம். அங்கே அது பொறியியல் சாதனையின் நினைவுச்சின்னம். அதன் சக்கரங்கள் யாருடைய உடல்கள் மீது போடப்பட்ட பாதையில் உருண்டன என்பது பார்வையாளர் தாமே தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

நம் பக்கமும் நேர்மையாகப் பார்ப்போம். ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. அதிகாரப்பூர்வத் திறப்பு விழா அக்டோபர் 25. இடையில், அக்டோபர் 21-ஆம் நாள், சிங்கப்பூரின் கேத்தே அரங்கில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழர்களின் தியாகத்தை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அதே ஜப்பானிய அரசு, அதே மாதத்தில், அதே தோட்டங்களின் மக்களைச் சயாமில் சாகவிட்டுக்கொண்டிருந்தது. சயாமுக்குப் போகாமல் தப்புவதற்காகவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. ஆள் கணக்கை நிரப்பப் பெயர்ப்பட்டியல் போட்டுக் கொடுத்தவர்களில் நம் கங்காணிகளும் கிராணிகளும் இருந்தார்கள். அவர்களில் பலரும் மிரட்டலுக்கு அஞ்சியே செய்தார்கள். நாளை நம்மில் ஒருவர் இதைப் படமாக எடுத்தால் இவை யாவும் அதில் இருக்குமா?

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. உணர்ச்சிவயப்பட்டு, இறந்த அத்தனை பேரும் தமிழர்களே என்று மேடைகளில் பேசுவோரைக் கேட்டிருக்கிறேன். பர்மியரும் ஜாவானியரும் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள். அவர்களை விட்டுவிட்டு நம் கதையை மட்டும் சொன்னால், குவாய் படம் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்தவர்கள் ஆவோம்.

நல்லெண்ணத்தோடு எடுத்த படங்களும் இச்சோதனைக்குத் தப்புவதில்லை. இதே ரயில்பாதையில் சித்திரவதைக்குள்ளான எரிக் லோமாக்ஸ் 1995-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் 2013-இல் 'தி ரயில்வே மேன்' என்னும் படமாயிற்று. விசாரணையின்போது மொழிபெயர்ப்பாளராக இருந்த நகாசே தக்காஷியைப் பழிவாங்கும் எண்ணத்தோடு லோமாக்ஸ் தேடிச் சென்று திடீரென எதிர்கொள்வதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் முதலில் லோமாக்ஸின் மனைவி கடிதம் எழுதினார். நகாசே பதில் எழுதினார். கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு 1993-இல் இருவரும் பேசி வைத்துக்கொண்டு காஞ்சனபுரியில் சந்தித்தனர். மன்னிப்பு என்பது மெல்ல மெல்லக் கனிந்த ஒன்று. திரைக்கு அந்தப் பொறுமை இல்லை.

வகுப்பறையில் மூன்று கேள்விகள்

படங்களைப் பார்க்காதீர்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வதில்லை. சொன்னாலும் கேட்கமாட்டார்கள். அதற்கு மாறாக மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.

1. இந்தப் படத்தை எடுத்தவர் யார், யாருக்காக எடுத்தார்?

2. இந்நிகழ்வில் உண்மையில் இருந்தவர்களில் யார் திரையில் இல்லை?

3. படத்தில் காட்டப்பட்டவர் உயிருடன் வந்து பார்த்தால் எந்தக் காட்சியை மறுப்பார்?

முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் பிள்ளைகள் விரைவாக விடை சொல்கிறார்கள். இரண்டாம் கேள்வியில்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. இல்லாதவரைக் காண வேண்டுமானால் படத்துக்கு வெளியே போக வேண்டும். நூலைத் தேட வேண்டும். பாட்டியிடம் கேட்க வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி இக்கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய், தன் பாட்டியின் தகப்பனார் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்ற செய்தியோடு மறுநாள் வந்தாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் அதைப் பிள்ளைகளிடம் சொன்னதில்லையாம். கேட்டவரும் இல்லையாம்.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் வரிசை வரிசையாக உறங்குகிறார்கள். தன்பியூசயாட்டில் இன்னும் 3,000-க்கு மேற்பட்டோர். பெரும்பாலோருக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, வெட்டிய புல்லும் மலர்ச்செடியும் உண்டு. அவர்களுக்கு அந்த மரியாதை முற்றிலும் தகும். நம் மக்களுக்கோ தனிக் கல்லறைகள் இல்லை. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. யார் எவர் என்று சொல்ல ஒரு பட்டியலும் இல்லை. நம் எழுத்தாளர் ஆர். சண்முகம் 1993-இல் 'சயாம் மரண ரயில்' நாவலை எழுதினார். 2023-இல் காஞ்சனபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. தாமதமானாலும் இவை நல்ல தொடக்கங்கள்.

சயாமிலிருந்து உயிருடன் மீண்டவர்களில் ஏறத்தாழ அனைவரும் மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். எனவே இதை வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ, உங்கள் பழைய தோட்டத்திலோ சயாமுக்குப் போனவர் யாரேனும் இருந்தால், அவருடைய பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் பேசினால் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். எதிர்காலத்தில் ஒருவர் நேர்மையாகப் படமெடுக்க முன்வந்தால் அவருக்குத் தேவைப்படுவது அந்தத் தாள்தான். படமே வராவிட்டாலும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது தேவைப்படும்.